குழந்தைகளோடு காரில் சென்னை – திருநெல்வேலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாம்பரத்திலிருந்து திருநெல்வேலிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குக் காரில் போனால் ஏறத்தாழ 600 கிலோமீட்டர். பொங்கல், முழுப்பரீட்சை லீவு, கோயில் கொடை என்று வருஷத்துக்கு மூன்று தடவையாவது போய்வருகிறோம். மூத்தவளுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு மூன்றரை. வண்டி ஓட்டுவது அவர்களுடைய அப்பா. பின் சீட்டில் இரண்டு பேருக்கும் நடுவே உட்கார்ந்து சமாளிப்பது நான். ரயிலில் டிக்கெட் கிடைக்காத ஒவ்வொரு பண்டிகைக்கு முன்னாலும் யாராவது போன் போட்டு இதே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

எத்தனை மணிக்குக் கிளம்பினால் நல்லது? ராத்திரி கிளம்பினால் குழந்தைகள் தூங்கிவிடுவார்களே?

குழந்தைகள் தூங்கிவிடுவார்கள், சரிதான். ஓட்டுபவருக்கும் தூக்கம் வருமே? ராத்திரி இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை கண் சொக்குகிற நேரம். பகல் முழுக்க ஆபீஸில் வேலை பார்த்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு ஸ்டியரிங் பிடிப்பதை நாங்கள் ஒரே ஒருமுறை செய்தோம். உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு பெட்ரோல் பங்க்கில் வண்டியை ஓரங்கட்டி மூன்று மணி நேரம் தூங்கிவிட்டுத்தான் நகர முடிந்தது. அதோடு ராத்திரிப் பயணத்தை விட்டுவிட்டோம்.

இப்போதெல்லாம் விடியற்காலை நாலரை மணி. முந்தின நாள் ஒன்பது மணிக்கே எல்லோரும் படுத்துவிட வேண்டும். ஓட்டுபவர் கண்டிப்பாக. குழந்தைகளை நைட் டிரஸ்ஸோடு அப்படியே தூக்கி சீட்டில் வைத்து பெல்ட் போட்டுவிடுவோம். செங்கல்பட்டு தாண்டுவதற்குள் மறுபடி தூங்கிவிடுவார்கள். திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ கண் விழிக்கும்போது கால்வாசித் தூரம் முடிந்திருக்கும். இந்த 150 கிலோமீட்டர்தான் உங்களுக்கு ஓசியில் கிடைப்பது. மீதிக்கு உழைக்க வேண்டும்.

“ஊரு வந்துருச்சா?” என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்கிறான். என்ன பதில் சொல்வது?

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். “இதோ வந்துருச்சு” என்று மட்டும் சொல்லாதீர்கள். மேல்மருவத்தூரில் வைத்து அப்படிச் சொல்லிவிட்டால், விக்கிரவாண்டி வருவதற்குள் உங்கள் பேச்சுக்கு மதிப்புப் போய்விடும். “இன்னும் ஆறு மணி நேரம்” என்பதும் பிரயோஜனம் இல்லை. மூன்று வயதுக்கு ஒரு மணி நேரமும் தெரியாது, ஆறு மணி நேரமும் தெரியாது. ரோடு போரடிப்பதால் குழந்தை அப்படிக் கேட்பதில்லை. எங்கே இருக்கிறோம், இன்னும் எவ்வளவு மிச்சம் என்று பிடி கிடைக்காததால் கேட்கிறது. அதைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, கைக்கு எட்டுகிற மாதிரி செய்துவிட்டால் பாதிப் பிரச்சினை அடங்கிவிடும்.

இதற்கு வழி கண்டுபிடித்தது என் மாமியார். துணி காயப்போடும் கிளிப் பன்னிரண்டு எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றிலும் ஓர் ஊர்ப் பெயரை அட்டையில் எழுதி ஒட்டினார்: செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், திருச்சி, விராலிமலை, மேலூர், மதுரை, சாத்தூர், கோவில்பட்டி, திருநெல்வேலி. முன் சீட்டின் பின்பக்கம் ஒரு நாடாவைக் கட்டி, பன்னிரண்டையும் வரிசையாக மாட்டினார். ஓர் ஊர் தாண்டினால் ஒரு கிளிப்பை எடுத்துப் பையில் போட வேண்டும். அது சின்னவனின் வேலை, வேறு யாரும் தொடக்கூடாது. எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு அட்டையில் படம் வரையலாம். திருச்சிக்கு மலைக்கோட்டை, மதுரைக்குக் கோபுரம், கோவில்பட்டிக்குக் கடலைமிட்டாய், கடைசிக் கிளிப்பில் அல்வா. “ஊரு வந்துருச்சா?” என்று கேட்டால் “எத்தனை கிளிப் இருக்கு, பாரு” என்று திருப்பிக் கேட்டால் போதும். இரண்டாவது பயணத்தில் கேள்வியே நின்று, “அம்மா, பெரம்பலூர எடுக்கலாமா?” என்று ஆரம்பித்துவிட்டான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. திண்டிவனமும் விழுப்புரமும் அடுத்தடுத்து வந்துவிடும். உளுந்தூர்பேட்டைக்கும் பெரம்பலூருக்கும் நடுவே நீண்ட இடைவெளி. அங்கேதான் குழந்தை பொறுமையிழக்கும். அந்த இடத்தில் இரண்டு டோல்கேட்டுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். செங்குறிச்சிக்கு ஒன்று, திருமாந்துறைக்கு ஒன்று.

பெரியவளுக்குக் கிளிப் பத்தாதே?

பத்தாது. அவளுக்குக் கிலோமீட்டர் கல். தேசிய நெடுஞ்சாலையில் கல்லின் தலை மஞ்சள், மாநில நெடுஞ்சாலையில் பச்சை. முதலில் இந்த வித்தியாசம். அப்புறம் கையில் ஒரு கடிகாரம். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் எத்தனை விநாடி என்று எண்ணச் சொல்லுங்கள். 60 விநாடி என்றால் வண்டி மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிறது. 45 விநாடி என்றால் 80. 36 என்றால் 100, அப்போது அப்பாவைத் திட்டும் உரிமை அவளுக்கு உண்டு. எங்கள் வீட்டில் ஸ்பீடைக் குறைக்க வைப்பது என் பேச்சு இல்லை, இந்தக் கணக்குதான்.

பெயர்ப் பலகை படிப்பதும் பெரியவளின் வேலை. ஒன்றாம் வகுப்பில் ‘ழ’ வராமல் தவித்தவள், விழுப்புரம் என்று வரிசையாக வந்த பச்சைப் பலகைகளைப் படித்தே அதைப் பிடித்துக்கொண்டாள்.

காருக்குள்ளேயே விளையாட என்னென்ன இருக்கிறது?

சாமான் தேவைப்படாத விளையாட்டுதான் காருக்குச் சரி. சாமான் இருந்தால் அது சீட்டுக்கு அடியில் விழும், நீங்கள் குனிந்து தேடுவீர்கள், உங்களுக்கே தலை சுற்றும்.

முதலில் சொல் சங்கிலி. ஒருவர் சொல்லும் சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். கேட்க எளிது. தமிழில் ஆடிப்பார்த்தால்தான் தெரியும், இரண்டாவது சொல்லிலேயே முட்டிக்கொண்டு நிற்கும். “பால்” என்றால் அடுத்து ‘ல’. “வீடு” என்றால் ‘டு’. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டு வரிசைகளிலும் தமிழ்ச் சொல் தொடங்காது என்பது பழைய இலக்கணம். நம் சொற்களோ பெரும்பாலும் அந்த எழுத்துகளில்தான் முடிகின்றன. அதனால் வீட்டுச் சட்டம் ஒன்று போட்டோம். கடைசியில் மெய் வந்தால் அந்த வரிசையில் எந்த எழுத்தையும் எடுத்துக்கொள்ளலாம். மரம் என்றால் மாடு, மீன், முறுக்கு எதுவும் சரி. லாரி, ரயில், டயர் எல்லாம் வழியில் கண்ணில் படுவதால் அனுமதி உண்டு. அப்படியும் எழுத்து முரண்டு பிடித்தால், அதற்கு முந்தின எழுத்துக்குப் போகலாம். “வாழை” என்றால் ‘வா’வில் தொடங்கி வாத்து. இந்தச் சட்டத்தைப் பற்றிய சண்டையிலேயே சமயபுரம் வந்துவிடும். சண்டை போடுவதும் பொழுதுபோக்குத்தான், விட்டுவிடுங்கள்.

அடுத்தது நம்பர் பிளேட். எங்கள் பாதையில் இது தனி அழகு. செங்கல்பட்டு வண்டி டிஎன் 19, விழுப்புரம் 32, பெரம்பலூர் 46, திருச்சி 45, மதுரை 58, 59, விருதுநகர் 67, திருநெல்வேலி 72. தெற்கே போகப் போக எண் கிட்டத்தட்ட ஏறிக்கொண்டே போகும். எந்த எண் வண்டி முதலில் கண்ணில் படுகிறது என்பது போட்டி. சென்னையை விட்டு வெளியே வரும்போதே ஒரு 72-ஐப் பார்த்துவிட்டால் “நம்மூரு வண்டி!” என்று ஒரு கூச்சல் வரும். சின்னவனுக்கு எண் வேண்டாம், நிறம் போதும். வெள்ளைப் பலகை சொந்த வண்டி, மஞ்சள் வாடகை வண்டி, பச்சை மின்சார வண்டி, கறுப்பில் மஞ்சள் எழுத்து என்றால் நாமே ஓட்டிக்கொள்ள வாடகைக்கு எடுத்தது. பச்சைக்கு ஐந்து மார்க், கறுப்புக்குப் பத்து.

மூன்றாவது, யார் முதலில் பார்ப்பது. இதற்கு உங்கள் பாதையில் என்ன வரும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் பாதையில் திருச்சி நெருங்கும்போது கொள்ளிடம் பாலம். அதிலிருந்து ஸ்ரீரங்கம் ராஜகோபுரம், 236 அடி, வானம் தெளிவாக இருந்தால் தப்பவே தப்பாது. கொஞ்ச நேரத்தில் காவிரிப் பாலமும் மலைக்கோட்டையும். “எந்த ஆத்துல தண்ணி இருக்கு?” என்று ஒரு கேள்வியைப் போட்டு வையுங்கள். பல மாதங்களில் கொள்ளிடத்தில் மணல்தான் தெரியும். ஏன் என்று பெரியவள் கேட்பாள், முக்கொம்பு, அணை என்று அப்பா பேச ஆரம்பிப்பார், பத்து நிமிஷம் ஓடிவிடும். விராலிமலைப் பக்கம் மயில். மேலூர் தாண்டி ஒத்தக்கடை வரும்போது யானைமலை. அதைப் பற்றி எதுவும் சொல்லாமல் “அந்த மலை எது மாதிரி இருக்கு?” என்று மட்டும் கேளுங்கள். தும்பிக்கையை நீட்டிப் படுத்திருக்கும் யானையைக் குழந்தை தானாகக் கண்டுபிடிக்கும் அந்த நொடிக்காக மதுரை ரிங் ரோட்டின் அத்தனை லாரியையும் பொறுத்துக்கொள்ளலாம். சாத்தூர் தாண்டினால் கரிசல் மண், கயத்தாறில் காற்றாலை. காற்றாலைகளை எண்ணி முடித்தவர் யாரும் எங்கள் வீட்டில் இன்னும் இல்லை.

விடுகதை, நா பிறழ் எல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பிடிக்குமா?

சொல்லிப் பாருங்கள். “யாரு தச்ச சட்ட, தாத்தா தச்ச சட்ட” என்று வேகமாகப் பத்துத் தடவை சொல்லச் சொன்னால் நாக்கு சுளுக்கி எல்லோரும் சிரிப்பார்கள், ஓட்டுபவர் உள்பட. “கடலோரத்தில் உரல் உருளுது” இன்னும் மோசம்.

விடுகதையை ஜன்னலோடு சேர்த்துப் போடுங்கள். வயல் தெரியும்போது: அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு. அது என்ன? நெல். தாள் வயலில் கிடக்கும், வைக்கோல் மாட்டுக்கு, நெல் வீட்டுக்கு. நகரத்துப் பிள்ளைக்கு இந்த விடையை விளக்குவதே ஒரு பாடம். செருப்பைக் கழற்றிப் போட்டிருக்கும்போது: ஊரெல்லாம் சுற்றுவான், வீட்டுக்குள்ளே வரமாட்டான். சாப்பிட நிறுத்தி முட்டை உரிக்கும்போது: வெள்ளை மாளிகைக்குள் போக வழியே இல்லை. நாலு விடுகதைக்கு மேல் ஒரே மூச்சில் போட வேண்டாம், சலித்துவிடும். பிள்ளைகளையே புதிதாக ஒன்று உண்டாக்கச் சொல்லுங்கள். சின்னவன் உண்டாக்கியது: “கை மூணு, ஆனா பிடிக்காது.” காற்றாலை. அன்றைக்குப் பூராவும் அதையே எங்களிடம் முப்பது தடவை கேட்டான், முப்பது தடவையும் தெரியாத மாதிரி நடிக்க வேண்டியிருந்தது.

ஒன்றரை வயதுக் குழந்தைக்கு இதெல்லாம் சரிவராதே?

வராது. அந்த வயதுக்கு முகமும் கையும்தான் பொம்மை. உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, ஐந்து விரலுக்கும் சோறு ஊட்டி, நண்டு ஊறி, நரி ஊறி அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டுவது. பத்துத் தடவை செய்தாலும் பதினொன்றாம் தடவைக்குக் கை நீட்டும்.

அதற்கு மேல் ஒரு துணிப்பை. உள்ளே வீட்டுச் சாமான்கள்: மூடி போட்ட எவர்சில்வர் டப்பா, மரக்கரண்டி, பழைய துப்பட்டா, கெட்டி அட்டைப் படப்புத்தகம், ஒட்டி உரிக்கிற பட்டை வைத்த பழைய செருப்பு (கழுவினது). ஒரு நேரத்தில் ஒன்றுதான் வெளியே வர வேண்டும். கொடுத்தது அலுத்ததும் அதை உள்ளே போட்டு அடுத்தது. கடையில் புதிதாக வாங்கின விலையுயர்ந்த பொம்மைக்கு ஆயுள் பத்து நிமிஷம், எவர்சில்வர் டப்பாவுக்கு அரை மணி நேரம். சத்தத்தை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு வயதுகூட ஆகாத குழந்தை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, சீட்டிலிருந்து எடுத்து, முதுகை நீட்டி, மடியில் போட்டுக் கொஞ்சிவிட்டுத்தான் மறுபடி உட்கார வைக்க வேண்டும்.

செல்போன் கொடுக்கலாமா? உண்மையைச் சொல்லுங்கள்.

கொடுக்கிறோம். மதுரை தாண்டிய பிறகு, ஒரு மணி நேரம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது: இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். நாங்கள் அந்த ஒரு மணி நேரத்தைக் கடைசிக்குச் சேர்த்து வைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். காலையில் கையில் கொடுத்துவிட்டால் அதைத் திரும்ப வாங்கும்போது வருகிற அழுகைக்குப் பயந்தே நாள் முழுக்கக் கொடுக்க வேண்டியிருக்கும்.

கையில் வைத்துக் குனிந்து பார்த்தால் வாந்தி வரும் என்பது இன்னொரு காரணம். முன் சீட்டின் பின்பக்கம், கண் மட்டத்தில் மாட்டினால் கொஞ்சம் பரவாயில்லை. படத்தைவிடக் கதை கேட்பது மேல். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் ஊரில் இருக்கும் ஆச்சியிடம் போனிலேயே நாலைந்து கதை சொல்லச் சொல்லிப் பதிவு செய்துகொண்டேன். “ஒரு ஊருல...” என்று அந்தக் குரல் வந்ததும் இரண்டு பேரும் அடங்கிவிடுவார்கள். அது பெட்ரோல் செலவு இல்லாத சமாச்சாரம்.

வாந்திக்கு என்ன செய்வது?

இரண்டு வயதுக்குள் அவ்வளவாக வராது. இரண்டிலிருந்து பன்னிரண்டு வயது வரைதான் அதிகம். வண்டி நகர்வதைக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உணர்கிறது. கண்ணோ அசையாத புத்தகத்தையோ போனையோ பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் வேறு வேறு சேதி அனுப்ப, மூளை குழம்பி வயிற்றைப் பிரட்டுகிறது. அதனால் மருந்துக்கு முந்தின மருந்து தூரத்தில் பார்ப்பதுதான். “மலை தெரியுதா பாரு, லாரி வருதா பாரு” என்று கண்ணை ஜன்னலுக்கு வெளியே அனுப்புங்கள். மேலே சொன்ன விளையாட்டுகள் எல்லாமே வெளியே பார்க்க வைப்பவை. அது தற்செயல் இல்லை. பெரம்பலூர் தாண்டி வண்ணம் தீட்டும் புத்தகம் கொடுத்த புண்ணியத்துக்குத் திருச்சி வரை சீட்டுக் கவரைத் துடைத்துக்கொண்டு வந்தவள் நான்.

வெறும் வயிறும் கூடாது, வயிறு முட்டவும் கூடாது. கிளம்பும்போது ஒரு இட்லி. பால் வேண்டாம். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிக் காற்று விடுங்கள், காருக்குள் வாசனை டப்பா வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். எலுமிச்சம்பழத்தை முகர்வது சிலருக்குக் கேட்கிறது. மாத்திரை, சிரப் எதுவானாலும் உங்கள் குழந்தை மருத்துவர் எடைக்கேற்ற அளவைச் சொன்ன பிறகுதான். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்த அளவை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

குழந்தை முகம் வெளுத்து, கொட்டாவி விட்டு, பேச்சு நின்றால் இரண்டு நிமிஷம்தான் இருக்கிறது. கவர் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், டிக்கியில் இருந்து பயனில்லை. மாற்றுத்துணி ஒரு ஜோடி உங்களுக்கும் எடுத்துவையுங்கள். இதை யாரும் சொல்லித்தருவதில்லை.

சீட்டில் உட்கார மாட்டேன் என்று அழுகிறான். மடியில் வைத்துக்கொண்டால் என்ன?

மற்றதிலெல்லாம் விட்டுக்கொடுப்பேன், இதில் மாட்டேன். 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதினாலே, பத்து கிலோ குழந்தை நூறு கிலோவுக்கும் மேற்பட்ட பாரமாகக் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு போகும். எந்தத் தாயின் கையும் அதைப் பிடிக்காது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப்போனால் 1,000 ரூபாய் அபராதமும் உண்டு. முன் சீட்டு, அப்பா மடியில் ஸ்டியரிங் பிடிப்பது எல்லாம் கனவிலும் வேண்டாம். ஏர்பேக் பெரியவர்களுக்காகச் செய்தது, குழந்தைக்கு அதுவே ஆபத்து.

அழுகைக்கு வழி: பயணத்தன்று முதன்முதலாக உட்கார வைக்காதீர்கள். ஒரு மாதம் முன்னாலிருந்தே காய்கறிக் கடைக்குப் போனாலும் அந்தச் சீட்டில்தான். வீட்டுக் கூடத்தில் இரண்டு நாள் அதைப் போட்டு வைத்தால் அதுவே ராஜா நாற்காலி ஆகிவிடும். வெயிலையும் கவனியுங்கள். தெற்கே போகும்போது காலையில் இடப்பக்கம் வெயில், மதியத்துக்கு மேல் வலப்பக்கம். பாதி அழுகை முகத்தில் வெயில் அடிப்பதால் வருவது. ஒரு பழைய வேட்டித் துண்டை ஜன்னலில் மாட்டுங்கள். கிளிப்தான் இருக்கிறதே.

என்ன சாப்பிடக் கொடுப்பது?

மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம், வாழைப்பழம், வெள்ளரிக்காய். புளியோதரை மதியம் வரை கெடாது. சாத்தூரில் காராசேவு, கோவில்பட்டியில் கடலைமிட்டாய் என்று பாதையே தின்பண்டக் கடை. கிளிப் கழற்றும் பிள்ளைக்கு அது தெரியும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமையாகப் பெரியவளிடம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அது பெரியவளுக்கு மட்டும்.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஓடுகிற வண்டியில் முழுக்கடலை, சீடை, கெட்டி மிட்டாய், முழுத் திராட்சை எதுவும் கூடாது. தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப்போட்டால் போதும். கிருஷ்ண ஜெயந்திச் சீடையைப் பாசத்தோடு பொட்டலம் கட்டித் தரும் அத்தையிடம் வாங்கிக்கொள்ளுங்கள், டிக்கியில் வையுங்கள். ஒரு வயதுக்குள் தேன் தொட்டுவைக்கவும் வேண்டாம்.

எங்கே நிறுத்துவது? ஒன்றுக்கு, இரண்டுக்கு?

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, குழந்தை கேட்டாலும் கேட்காவிட்டாலும். நிறுத்துவது ஓட்டல் வாசலாக இருக்க வேண்டியதில்லை. பதினைந்து நிமிஷம் ஓடவிடத்தான் நிறுத்துகிறோம். உட்கார்ந்து தோசைக்குக் காத்திருந்தால் குழந்தைக்கு அது இன்னொரு சீட்டுதான். மரநிழல், கோயில் வெளிப்பிராகாரம், பெட்ரோல் பங்க்கின் பின்பக்கக் காலியிடம் போதும். ரோட்டோரம் மட்டும் வேண்டாம். நேரம் இருந்தால் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூருக்கு உள்ளே போகலாம். சுமார் 12 கோடி ஆண்டுப் பழைய மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது, 18 மீட்டர் நீளம். “மரமா கல்லா?” என்று சின்னவன் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

டோல்கேட் பக்கமும் பங்க்குகளிலும் கழிவறை உண்டு. சுத்தம் அந்தந்த நாளின் அதிர்ஷ்டம். மக், சோப்புத் துண்டு, ஒரு பழைய லுங்கி (மறைப்புக்கு), சின்னவனுக்கு அகல வாய்ப் பாட்டில் எப்போதும் கையில். நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் கூப்பிட 1033, ஆம்புலன்ஸுக்கு 108 என்று பெரியவளையும் மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன்.

ஐந்து நிமிஷ வேலை என்று குழந்தையைக் காரில் விட்டுப் போகவே போகாதீர்கள். வெயிலில் பூட்டிய கார் பத்து நிமிஷத்தில் ஏறத்தாழ 10 டிகிரி சூடேறும்.

அக்காளும் தம்பியும் அடித்துக்கொள்கிறார்களே?

அடித்துக்கொள்வார்கள். பெரும்பாலும் பசி, இல்லாவிட்டால் தூக்கம். முதலில் வாழைப்பழம் கொடுத்துப் பாருங்கள், நியாயம் அப்புறம் பேசலாம். பாட்டுச் சண்டைக்கு எங்கள் ஏற்பாடு: ஒரு டோல்கேட்டிலிருந்து அடுத்த டோல்கேட் வரை ஒருவரின் பாட்டு, அதற்கப்புறம் மற்றவரின் பாட்டு. நீதிபதி ஃபாஸ்டேக். அதோடு யாரும் வாதாட முடியாது.

தாத்தா, ஆச்சி கூட வந்தால் இடைஞ்சலா?

ஆச்சி வந்தால் நான் முன் சீட்டுக்குப் போய்விடுவேன். அது எனக்கு லீவு. தாத்தா ஆள் வேறு மாதிரி. கயத்தாறு வந்தால் போதும், கட்டபொம்மனை 1799-இல் தூக்கில் போட்ட கதையை முதலிலிருந்து ஆரம்பிப்பார். முன்பெல்லாம் “மாமா, பிள்ளைங்க பயப்படும்” என்று தடுப்பேன். இப்போது கயத்தாறு கிளிப் எங்கே என்று பிள்ளைகளே கேட்பதால் பதின்மூன்றாவதாக அதையும் சேர்த்துவிட்டோம்.

பண்டிகை நெரிசலில் வண்டி நகராமல் நின்றால்?

ஓடுகிற விளையாட்டெல்லாம் அங்கே செல்லாது, வெளியே பார்க்க ஒன்றும் மாறாது. அதற்கென்று ஒரு பொட்டலம் ஒளித்து வைத்திருப்பேன். ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் சீட்டு எழுதி மடித்த டப்பா. நிற்கும்போது எழுதவும் படிக்கவும் செய்யலாம், தலை சுற்றாது. பக்கத்துக் காரிலும் ஒரு குழந்தை இதே நிலையில் இருக்கும். ஜன்னல் வழியே முகம் கோணிக் காட்டுவதை நான் தடுப்பதில்லை.

திரும்பி வரும்போதும் இதே ஏற்பாடுதானா?

கிளிப்பைத் தலைகீழாக மாட்டினால் போதும். ஆனால் உற்சாகம் பாதிதான் இருக்கும். ஊரை விட்டு வருகிற வருத்தம், வயிற்றில் அல்வா, மறுநாள் பள்ளிக்கூடம். விளையாட்டைக் குறைத்துத் தூங்கவிடுங்கள். ஆச்சி கொடுத்தனுப்பிய மூட்டையில் என்ன இருக்கிறது என்று தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கும் விளையாட்டு மதுரை வரை தாங்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள். பொங்கல் முடிந்து வருகிறீர்கள் என்றால் செங்கல்பட்டுக்கு அப்புறம் பெருங்களத்தூர் என்று ஒரு கிளிப்பைக் கூடுதலாக மாட்டுங்கள். முடிந்தால் அதற்கு மட்டும் இரண்டு.